அமெரிக்காவுக்குப் போகாத சட்டை

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அமெரிக்கப் பொருளாதாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் கோட்டு போட்டவர்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பில் பொருளாதாரத் தாளிலேயே தேறாமல், டெல்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடப் பழகியவன். ஆனால் அமெரிக்கா சரிந்தபோது அதன் ஒரு மூலை என் பக்கத்தில் நின்றவன் தலையில் விழுந்தது. கோட்டு போட்டவர்கள் அவனைப் பற்றி எழுதப்போவதில்லை.

அவனும் நானும் ஓக்லாவில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கர்கள். தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்துத் தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் கோணலா, எங்காவது கறையா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் உள்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு. அது ரிஜெக்ட். நல்லது அமெரிக்காவுக்குக் கப்பலேறும். கோடு விழுந்தது லேபிள் வெட்டப்பட்டு எங்கள் காலனி மார்க்கெட்டுக்கு வரும். டெல்லியில் பாதிப் பேர் அந்தக் கோட்டை உள்ளே மறைத்துக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போகிறார்கள்.

அவனுக்குச் சொந்த ஊர் திருப்பூர்ப் பக்கம். வந்த நாளிலிருந்து ஒரே நினைப்பு, மனைவியையும் மகளையும் டெல்லிக்கு அழைத்துக்கொள்வது. எங்கள் குடியிருப்பின் பின்னால் ஒரு அறை பேசி முடித்தான். லோதி ரோடில் தமிழ் சொல்லித் தரும் பள்ளிக்கூடத்தில் மகளுக்கு இடம் விசாரித்து வந்தான். பொங்கல் கழித்து அவர்கள் ஏறுவதற்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

காலையில் ஓக்லா பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு போவோம். எங்கள் உலக அரசியலெல்லாம் அந்தக் கம்பியில்தான்.

"அமெரிக்காவுல ஒருத்தனும் வீட்டுக் கடன் கட்டலையாம். பேங்க்கெல்லாம் உளுந்துருச்சுன்னு டீவில சொல்றான். கட்ட முடியாதவனுக்கு எதுக்குடா குடுத்தாங்க?" என்றான்.

கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி, "காலி ஹை, காலி ஹை, ஆ ஜாவ்" என்று இன்னும் நாலு பேரை ஏற்றிக்கொண்டிருந்தான். எனக்கு மூக்கு நசுங்கியது.

"இவன் காலி ஹைன்னு சொல்றான்ல, அதே மாதிரி அந்த பேங்க்காரனும் சொல்லியிருக்கான். எல்லாரும் ஏறிட்டாங்க."

"அப்புறம் எறக்கி உடுவானா?"

"எறக்க மாட்டான் மாப்ளே. வண்டியே நின்னுடும்."

அங்கே தேர்தல் நேரம் வேறு. வெளிநாட்டுக்குப் போன வேலையையெல்லாம் திருப்பிக் கொண்டுவருவோம் என்று மேடையில் பேசினார்கள். "வெளிநாடுன்னா நீதான்டா. உன்னைத்தான் தேடிட்டு இருக்காங்க" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "சட்டை போடாம இருக்க மாட்டாங்கல்ல" என்றான்.

பிறகு ஒரு வாரம் கன்டெய்னர் லாரி வரவில்லை. பேக்கிங் ஹாலில் அட்டைப்பெட்டிகள் கூரை வரை ஏறின. வாங்குகிறவன் ஆர்டரை ரத்து செய்துவிட்டான் என்று டீக்காரன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மேனேஜர் வந்தார். நல்ல சரக்கை உள்ளூரில் விற்கக் கூடாது என்று அமெரிக்காக்காரனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதாம். ரிஜெக்ட்டை மட்டும் விற்கலாமாம். அதற்கு அவரிடம் சுலபமான வழி இருந்தது.

"ஸப் மே லைன் மாரோ. ஜல்தி."

எல்லாவற்றிலும் கோடு போடு. அவ்வளவுதான். நாங்களே பாஸ் பண்ணி மடித்து வைத்த சட்டைகளைப் பிரித்துக் கோடு போடத் தொடங்கினோம். மற்றவர்கள் சர்சர்ரென்று இழுத்தார்கள். அவன் மட்டும் ஒவ்வொன்றையும் விரித்து, காலரைத் தடவி, கையைத் திருப்பி, முதலில் குறை தேடினான்.

"என்னடா பண்றே?"

"சும்மா எப்படிடா ரிஜெக்ட் போடறது?"

எங்கோ ஒன்றில் பொத்தான் துளை பிசிறியிருந்தது. "பாரு, இது நெசமாவே ரிஜெக்ட்" என்று எனக்குக் காட்டி, நிம்மதியாக ஒரு கோடு போட்டான். அந்த நாட்களில் அவன் முகத்தில் சந்தோஷம் பார்த்தது அந்த ஒரு பிசிறில்தான்.

"மெதுவா போடு மாப்ளே, முடிஞ்சா வேற வேலை குடுத்துடுவாங்க" என்று கிண்டலடித்தேன். முடிந்தது. வேறு வேலை கொடுக்கவில்லை. இனி மார்க்கெட்டுக்கு மட்டும்தான் தைப்பார்களாம். மார்க்கெட் சரக்குக்குச் செக்கிங் எதற்கு என்றார் மேனேஜர். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாமே ரிஜெக்ட் ஆன இடத்தில், ரிஜெக்ட் எது என்று பார்க்கிறவனுக்கு என்ன வேலை? அந்த மார்க்கரால் எங்கள் மேல்தான் கோடு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கேட்டுக்கு வெளியே நின்று ஊருக்குப் போன் போட்டான்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிரு... இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. நானே வந்தர்றேன்... பாப்பாகிட்டப் பள்ளிக்கூடம் பத்திச் சொல்லிராத." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "சொல்லிட்டியா" என்றான்.

ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஜன்னல் வழியாக வாய் ஓயாமல் பேசினேன். "திருப்பூர்ல கம்பெனிக்கா பஞ்சம்? டெல்லி செக்கர்னு சொல்லு, மாலை போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க." அவன் தலையை ஆட்டினான். வண்டி நகர்ந்த பிறகுதான் நான் வாயை மூடினேன்.

எனக்கு அதே சட்டைகளை விற்கும் வேலை சரோஜினி நகரில் கிடைத்தது. "அமெரிக்கா மால், அமெரிக்கா மால்" என்று கத்துவேன். மால் என்றால் இங்கே சரக்கு. ஒரு நாள் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து, ஒரு சட்டையைத் திருப்பி, கோட்டைக் கண்டுபிடித்து, குறையுள்ள சரக்குதானே, விலையைக் குறை என்றாள். எங்கே குறை என்று எனக்குக் காட்டத் தெரியவில்லை. குறைத்துக் கொடுத்தேன்.

பொங்கல் கழிந்த வாரத்தில் அமெரிக்காவில் புது பிரசிடென்ட் பதவியேற்றார். மார்க்கெட்டில் எல்லோர் டீவியிலும் அந்தக் கூட்டம்தான். அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நானே மெசேஜ் அனுப்பினேன்: "மாப்ளே, அமெரிக்காவுக்குப் புது ஆள் வந்தாச்சு. எல்லாம் சரியாயிடும்ங்கறாங்க. உனக்குத் திருப்பூர்ல வேலை கிடைச்சுதா?"

சாயங்காலம் பதில் வந்தது.

"இங்கயும் அதே அமெரிக்காதான்டா."