நாலு சத்தியமும் ஒரு பின்னலும்

மகள் ஜெர்மன் படையில் சேரப் போகிறாளாம். ஜெர்மனியில் என் தம்பி வீட்டில் நின்று படித்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்தவள், லீவுக்கு இத்தாலியில், பலெர்மோவில் இருக்கும் என்னிடம் வந்த அன்றே சொன்னாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வன்னியில் என் அக்காவை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. ஒரு தரம் வீட்டுக்கு விட்டார்கள். இடுப்புவரை கிடந்த தலைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். பிறகு அவள் வரவேயில்லை. கல்யாணம் கட்டினவர்களைப் பிடிக்கமாட்டார்கள் என்று, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்கு அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் பிறந்தவளுக்கு இப்போது சுடத் துவக்கு வேண்டுமாம்!

என் பேச்சு எடுபடவில்லை. பலெர்மோவின் கடலோரம், ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் பராமரிக்கும் ஜெர்மன் கிழவர் பழைய பட்டாளக்காரர். பட்டாளம் என்றாலே முகம் சுளிப்பார். “வேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கெஞ்சி, மகளை அவர் முன்னால் இருத்தினேன்.

மனுசன் எனக்கும் விளங்க இத்தாலியனிலேயே பரம்பரைக் கதையைத் தொடங்கிவிட்டார். தாத்தா மன்னருக்குச் சத்தியம் செய்தாராம். முதலாம் உலகப் போரில் தோற்றதும் மன்னர் நாட்டைவிட்டே ஓடிவிட்டார். தகப்பன் ஹிட்லர் என்ற தனியாளுக்குச் சத்தியம் செய்து, ரஷ்யாவில் ஊர்களை எரித்த படையில் நின்றவர். கேட்டால், கட்டளை என்பாராம். இவர் கிழக்கு ஜெர்மனிக்குச் சத்தியம் செய்தார். அந்த நாடே இல்லாமல் போக, படையையும் கலைத்துவிட்டார்கள்.

நான் கணவாய் மீன் கழுவியபடி, இனி வேண்டாமென்பார் என்று காத்து நின்றேன்.

“இப்போதைய படையில் மனிதரை இழிவாக்கும் கட்டளையை மறுக்கலாம். எங்கள் மூன்று பேருக்கும் அது வாய்க்கவில்லை. நீ மறுப்பாயா?” என்று அவளிடம் கேட்டார்.

“மறுப்பேன்” என்றாள்.

“அப்படியென்றால் போ.”

நாசமாய்ப் போக! மறிக்கச் சொன்னால் ஆசீர்வாதம் கொடுக்கிறார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் வாய்விட்டே கத்தினேன். “எத்தினை கொடி மாறினாலும் பெத்தவள்தானேடி அழுகிறாள்?”

“அம்மா, பெரியம்மாவை இழுத்துக்கொண்டு போனவை. நான் விரும்பிப் போறன். பிடிக்காட்டி விட்டிட்டு வரலாம்.”

“பெரியம்மாவுக்கும் வரத்தான் விருப்பம்.”

பஸ்ஸால் இறங்கினோம். நாங்கள் இருக்கும் அல்பெர்கேரியாத் தெருக்களுக்குள் நடந்து வரும்போது, கேட்கக்கூடாது என்றிருந்ததைக் கேட்டேன்.

“தலைமயிரை வெட்டுவினமோ?”

“பெட்டையள் வெட்டத் தேவையில்லை அம்மா. கட்டினாலே காணும்.”

போகிற அன்று காலை அவளுக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன்.

“நோகுது அம்மா, இறுக்காதேங்கோ.”

நான் இன்னும் இறுக்கினேன்.