சட்டைத் துணிச் சந்து

நாற்பத்தொரு போர்வைகள், நாற்பத்தொரு பொய்ச் சந்துகள். பதினேழு வருடத்தில் மேப்பக்கா தைத்தது அவ்வளவுதான்.

'மேப்' அக்கா என்று அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்தான் மேப்பக்கா. வரைபடம் அச்சடிக்கும் நிறுவனத்தில் கோடு போடும் வேலை பார்த்தவர். நிறுவனம் மூடியதும் ஊசியைக் கையிலெடுத்தார். பிறந்த தெரு, படித்த வளாகம், முதலில் குடித்தனம் போன இடம் என்று யாருக்கு எது முக்கியமோ, அதன் வரைபடத்தை ஒட்டுத்துணிகளால் போர்வையாக்கித் தருவார். சாலைக்குச் சாம்பல் நிறம், தண்ணீருக்கு நீலம். வீட்டுக்கு மட்டும் அந்த வீட்டாரின் பழைய உடுப்பிலிருந்தே துணி. இடத்தைக் காலால் நடந்து அளக்காமல் கத்தரியைத் தொடமாட்டார்.

பழைய நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வரைபடத்திலும் இல்லாத சந்து ஒன்றை நுழைத்துவிடுவார்கள். எவனாவது திருட்டு நகல் எடுத்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சந்து முட்டுச்சந்தாகத்தான் இருக்க வேண்டும், வேறு தெருவில் போய்ச் சேர்ந்தால் ஊரே வழி தப்பிப்போகும் என்பது விதி. போர்வையை யாரும் நகலெடுக்கப் போவதில்லைதான். ஆனால் பழகிய கை கேட்கவில்லை. விரலகலத்தில் ஒரு முட்டுச்சந்து எங்காவது விழுந்துவிடும்.

"என் கையெழுத்துன்னு வெச்சுக்கோயேன்" என்பார்.

கூடவே இருந்து இஸ்திரி போடும் நாத்தனார் விடமாட்டார். "கையெழுத்தா, கைவரிசையா?"

நாற்பத்தொன்றாவது போர்வையைக் கேட்டு வந்தவள் ஒரு பள்ளி ஆசிரியை. அம்மாவுக்கு எழுபது வயதாவதற்குப் பரிசாக, அவர்கள் வீட்டையும் கடைவீதியையும் சுற்றிய தெருக்கள். வீட்டுக்கு வைக்க, பழுப்புக் கட்டம் போட்ட அப்பாவின் சட்டையைக் கொடுத்தாள். அந்த அப்பா இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் சவர பிளேடு வாங்கப் போனவர், திரும்பவே இல்லை. தகவலும் இல்லை, உடலும் இல்லை. போர்வை கேட்டபோது அவள் இதைச் சொல்லவில்லை. வாங்கிப்போய் மூன்று வாரம் கழித்து, வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றபோதுதான் சொன்னாள்.

"அக்கா, கடைவீதியில மருந்துக்கடைக்கும் பூட்டுக்கடைக்கும் நடுவுல ஏதுக்கா சந்து?"

மேப்பக்கா கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"அப்பா சட்டை அதுக்குள்ள போகுதாம். 'எல்லாச் சந்தையும் தேடினோமே, இதை விட்டுட்டோமேடி'ங்கிறாங்க அம்மா. தினமும் போய் அந்தச் சுவர் முன்னாடி நிக்கிறாங்க. நேத்து வெயில்ல மயங்கி விழுந்து நெத்தியில ரெண்டு தையல்."

வீட்டுக்கு வெட்டியது போகச் சட்டையில் ஒரு கீற்று மிஞ்சியிருந்தது. வீணாக்குவானேன் என்று சந்துக்கு வைத்தார். நடந்தது இவ்வளவுதான்.

"பொய்ச் சந்துன்னு நீங்களே வந்து சொல்லுங்க. அவங்க கண்ணு முன்னாடியே பிரிச்சுப் போடுங்க."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அன்று அவரிடம் நக்கல் எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை மேப்பக்கா நேராகக் கடைவீதிக்கே போனார். அந்த அம்மாள் நெற்றிக் கட்டோடு நின்றிருந்தார். எதிரே காரை பெயர்ந்த வெறும் சுவர்.

"அந்தப் போர்வையத் தைச்சவ நான்தாம்மா. இங்க சந்தே கிடையாது. நானா இட்டுக்கட்டினது. மன்னிச்சுக்குங்க."

"கொஞ்சம் ஒதுங்கி நில்லும்மா. வர்றவங்களுக்கு வழிய மறைக்கிறே."

மேப்பக்கா ஒதுங்கினார். பொய் தன்னுடையது என்று தெரிந்தும் சட்டென்று இரண்டடி ஒதுங்கினார். தோளை உரசிக்கொண்டு யாரோ கடந்த மாதிரி உடம்பு சில்லிட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

அம்மாளை அவர் வீட்டுக்கு அழைத்துவந்ததும் மகள் போர்வையைத் தரையில் விரித்து, பிளேடை மேப்பக்கா கையில் திணித்தாள். அம்மாள் சந்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"பிரிச்சா அவரு உள்ளேயே மாட்டிக்குவாருடி."

"அம்மா, அது வெறும் துணிம்மா!"

"துணின்னு எனக்குத் தெரியாதா? எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? இருபத்தாறு வருஷமா தேடாத இடம் இது ஒண்ணுதான்டி." பிறகு மேப்பக்காவிடம் திரும்பினார். "ஏம்மா, முட்டுச்சந்தா விட்டிருக்கியே, உள்ள போன மனுஷன் எப்படி வெளிய வருவாரு?"

அம்மாள் போர்வையின் மேல் வீடு வரை விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.

"நம்ம வீட்டுப் பின்பக்கம் வரைக்கும் இழுத்து விட்டுடு."

"அந்தச் சட்டைத் துணி தீர்ந்துபோச்சேம்மா."

"என் கிழிஞ்ச நைட்டி ஒண்ணு கொடியில கெடக்கு. அது ஆகாதா?"

"அக்கா, வேணாங்க்கா" என்றாள் மகள். "நீங்களும் சேர்ந்து ஆடாதீங்க."

தையலைப் பிரித்தாலும் ஊசி குத்திய துளைகள் போகாது. அந்தத் துளைகளைப் பிடித்துக்கொண்டு இந்த அம்மாள் மறுபடியும் சுவருக்கே போவார். மேப்பக்காவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டு நைட்டியைக் கேட்டு வாங்கினார். பூட்டுக்கடைக்குப் பின்புறமாக, மூன்று தெருக்களைக் குறுக்கே வெட்டி, சந்தை அந்த வீட்டின் பின்பக்கம் கொண்டுவந்து சேர்க்க இரண்டு மணி நேரம் பிடித்தது. சமையலறையில் மகள் பாத்திரங்களைப் போட்டு உடைப்பதுபோல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

கடைவீதிக்குப் போனால் மேப்பக்கா இப்போதெல்லாம் அந்தச் சுவருக்கு எதிர்ச்சாரியில்தான் நடக்கிறார். அந்த அம்மாள் சுவர்ப் பக்கம் போவதே இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறார், நெற்றித் தையலும் ஆறிவிட்டது. ஆனால் பின்கதவைத் தாழிட விடுவதில்லை. சண்டை போட்டு ஓய்ந்த மகள் அந்தக் கதவில் ஒரு மணியைக் கட்டியிருக்கிறாள்.