மூலைக் கத்தாழை

இரண்டாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில், எனக்கு வாசிக்கத் தெரியும் என்கிற திமிர் தலைக்கேறியிருந்தது. அதற்கு அப்பாதான் காரணம். டவுன் பஸ் போர்டு, உரச்சாக்கு, மருந்துச் சீட்டு, எதைக் கண்டாலும் "வாசி பாப்போம்" என்பார். வாசித்துவிட்டால் வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திப் பெருமையடிப்பார்.

சீவலப்பேரிக்குப் பக்கத்தில், அம்மா பிறந்த ஊருக்குப் போயிருந்தோம். மாமா வயலுக்குக் கம்பிவேலி போடுவதற்காகப் பழைய கத்தாழை வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். மடலைத் தட்டி நார் எடுத்தால் மாட்டுக் கயிற்றுக்காவது ஆகும். அப்பாவும் உதவிக்குக் கிளம்பினார். கத்தாழைப் பால் பட்டால் உயிர்போக அரிக்கும் என்று அம்மா அவர் கை இரண்டிலும் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டாள். பிறகு மாமாவிடம், "ஏலே, மூலையில நிக்கத மட்டும் விட்ரு. நெழலுக்கு ஆகும்" என்றாள்.

கத்தாழைக்கு ஏது நிழல் என்று நான் சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

வயலுக்குப் போனதும் நேரே மூலைக்குத்தான் ஓடினேன். அகலமான ஒரு மடலில் யாரோ முள்ளால் எழுத்துக் கீறியிருந்தார்கள். காய்ந்து தழும்பாகியிருந்தது. விடுவேனா? ஊருக்கே கேட்கும்படி வாசித்தேன். முதலில் அம்மாவின் பெயர். அப்புறம் கூட்டல் குறி. அப்புறம் ஓர் ஆணின் பெயர், அப்பாவுடையது இல்லை.

"மாமா, கூட்டல் போட்ருக்கு, விடையக் காணோம்!"

"ஏட்டி, வீட்ல போய்த் தண்ணி வாங்கிட்டு வா" என்று மாமா விரட்டினார். தண்ணீர்க் குடம் அவர் காலடியிலேயே இருந்தது. ஒன்றும் புரியாமல் அங்கேயே நின்றேன். அப்பா என்னைப் பாராட்டவும் இல்லை. கையிலிருந்த எண்ணெயைத் துண்டில் அழுந்தத் துடைத்தார், அரிவாள் வழுக்கும் போல. அந்த மடலை வெட்டி, கல்லில் வைத்து, வெள்ளை நார் மட்டும் மிஞ்சும்வரை அடித்தார். மாமா பக்கத்தில் வரவே இல்லை.

சாயங்காலம் அப்பாவின் கைகள் தடித்துச் சிவந்திருந்தன. அம்மா பதறிப்போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள்.

"தேச்சுத்தான விட்டேன்? எப்படி இப்படி ஆச்சு?"

பகல் முழுக்க ஒரு பாராட்டும் கிடைக்காத ஆத்திரம் எனக்கு.

"அப்பா மூலைக் கத்தாழைய வெட்டிட்டாங்கம்மா. அதுல ஒம் பேரு இருந்துச்சு. நாந்தான் வாசிச்சேன்!"

அம்மாவின் கை அப்படியே நின்றது.

"நல்லா வாசிக்கா" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

அம்மா குனிந்து அழுதாள். அரிப்பது அப்பாவுக்கு, இவள் எதற்கு அழுகிறாள்? அவள் மேலும் பால் தெறித்திருக்கும் என்று நினைத்து, எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.