திரைக்குப் பின்னால் ஒரு ‘சம்மதம்’

என் அக்கா தவுலத்தை ஊரில் ‘கிள்ளுத் தவுலத்’ என்றுதான் சொல்வார்கள். யஸ்த் நகரைச் சுற்றியுள்ள எங்கள் ஜரதுஷ்டிர ஜனத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அழைக்காமலே போய் மணப்பெண்ணை ஒட்டி உட்காருவாள். எங்கள் பூசாரியான தஸ்தூர் மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்கும்போது பக்கத்துப் பெண்கள் யாராவது உதட்டை அசைத்தால் தொடையில் ஒரு கிள்ளு. ரத்தம் கட்டிப்போகும். ஊரே சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் ஏன் கிள்ளுகிறாள் என்று தெரிந்தேதான் சிரித்தார்கள்.

அவளுக்குப் பதினேழு வயதில், தாஃப்த் ஊரில் மாதுளைத் தோட்டம் வைத்திருந்த கொதாமுராதுக்குப் பேசி முடித்தார்கள். அவருக்கு எங்கள் அப்பா வயது. வேண்டாம் என்று அப்பாவிடம் மூன்று நாள் மன்றாடினாள். அப்பா காது கேளாதவர் மாதிரி இருந்தார். நாலாம் நாள் அவளே தெளிந்துவிட்டாள்.

“விடுடா தீரந்தாஸ். தஸ்தூர் என்னைத்தானே கேக்கணும்? ஆணோ பெண்ணோ அவங்கவங்கதான் தேர்ந்தெடுக்கணும்னு ஜரதுஷ்டிரர் சொல்லியிருக்காரு. தன் கடைசிப் பொண்ணு பொருசிஸ்தாவையே, உன் புத்தியக் கேட்டு முடிவு பண்ணுன்னுதான் விட்டாரு. நான் வாயத் தொறக்க மாட்டேன். என்ன பண்ணுவாங்க?”

அங்கேதான் ஏமாந்தாள். எங்களில் தஸ்தூர் மூன்று தடவை கேட்பார். முதல் இரண்டு தடவை பெண் பேசாமல் இருப்பதுதான் அழகு. பேசாவிட்டால் மறுப்பு என்று அவள் நினைத்தாள். பேசாவிட்டால் வெட்கம் என்பது ஊரின் கணக்கு.

பெண்ணின் தம்பி என்ற முறையில் நான் மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றேன். பச்சைப் பட்டுத் துணியில் கத்தரிக்கோல், மாதுளம்பழம், ஒரு கோழிமுட்டை. அதை அவர் தலைக்கு மேல் பிடித்திருந்தேன். மணப்பெண்ணும் மற்றப் பெண்களும் திரைக்குப் பின்னால். தஸ்தூர் திரையோரம் நின்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். இல்லை. மூன்றாம் தடவை “சம்மதம்” என்று வந்தது. இரைப்பு இழுக்கிற குரல். எங்கள் ஃபரங்கிஸ் அத்தையின் குரல். தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரியும் அந்தக் குரலை. தஸ்தூருக்குத் தெரியாதா? சம்மதம் கிடைத்ததற்கு அடையாளமாக முட்டையைக் கூரைக்கு மேலே எறியச் சொன்னார்கள். எறிந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

உள்ளே அக்கா கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

“கோபம் நம்ம மார்க்கத்துல பேய்டி. வாய மூடு,” என்றாள் அத்தை.

“பொய்யி அதவிடப் பெரிய பேய் அத்தை. உன் தொண்டையிலதான் குடியிருக்கு.”

பதினான்கு வருஷம் தாஃப்தில் இருந்தாள். கொதாமுராத் அவளை அடிக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரும் அவள் வாயை அடைத்தார்கள். அவர் செத்ததும் என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை இல்லை. ரொட்டி சுட்டாள், எங்கள் வழக்கப்படி முதல் மூன்று வாய் நாய்க்குப் போட்டாள், கல்யாணங்களுக்குப் போய்க் கிள்ளினாள். அத்தையோடு கடைசிவரை பேசவில்லை. நானும் பேசவில்லை. அத்தையைத் திட்டுவதில் நான் அக்காவையே மிஞ்சினேன். பாவி, வேஷக்காரி, வாய் அழுகிச் சாவாள் என்றெல்லாம் சொன்னேன்.

பிறகு என் மகள் மெஹர்பானுவைத் தஸ்தூரின் தம்பி மகனுக்குக் கேட்டு வந்தார்கள். நல்ல இடம். நான் தலையாட்டினேன்.

“எனக்குப் புடிக்கலப்பா,” என்றாள்.

“பழகினாப் புடிக்கும். தவுலத் அத்தைகிட்டப் போய் மூக்கச் சிந்தாத,” என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது அக்காவின் காதுக்குப் போகக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

கல்யாணத்தன்று அக்கா வழக்கம்போல் மணப்பெண் பக்கத்தில். தஸ்தூர் ஒரு தடவை கேட்டார். இரண்டு தடவை. மூன்றாவது தடவையும் கேட்டார். சத்தமே இல்லை. கிள்ளுக்குப் பயந்து ஒரு பெண்ணும் உதட்டை அசைக்கவில்லை. அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“சம்மதந்தான் தஸ்தூர். புள்ள வெக்கப்படுது, எழுதிக்குங்க.”

சொன்னது நான்தான்.

திரையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். என்னைக் கிள்ளவில்லை. மாப்பிள்ளைக்குப் பின்னால் என் மகன் பிடித்திருந்த பச்சைத் துணியிலிருந்து முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“எறிடா. உனக்குப் பழக்கந்தானே.”

இத்தனை வருஷத்தில் அந்த முட்டையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அத்தையைத் திட்டியபோதெல்லாம் நான் எதை மறைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. என் மீதே எனக்கு ஆத்திரம் வந்தது. எறியவில்லை.

“இன்னொரு தடவ கேளுங்க தஸ்தூர்,” என்றாள் அக்கா.

“நாலாவது தடவ கேக்குற வழக்கம் இல்லையேம்மா.”

“பொண்ணுக்குப் பதிலா அப்பன் சொல்றதும் வழக்கம் இல்ல. கேளுங்க.”

கேட்டார்.

“இல்ல,” என்றாள் மெஹர்பானு. வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.

வந்தவர்கள் முணுமுணுத்தபடி போன பிறகு, அக்கா அந்த முட்டையை நல்லெண்ணெயில் பொரித்தாள். முதல் மூன்று வாய் நாய்க்கு. மீதி மெஹர்பானுவுக்கு. நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கொடுக்கவில்லை.