செத்தெழும்பின யாகப்பு

நாயாற்றில் யாகப்பு வீடு எது என்று கேட்டால் எந்த யாகப்பு என்று திருப்பிக் கேட்பார்கள். செத்தெழும்பின யாகப்பு என்றால் சின்னப் பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

அவர் களப்பில் இறால் பிடிக்கிறவர். ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். பெரிய வெள்ளியன்று கோயிலில் அவர் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் படித்தால் கல்லும் கரையும். ஆனால் வீட்டில் அவரைப்போலப் பகிடிக்காரர் கிடையாது. மனைவி யூலிற்றா செத்துப் பல வருடங்கள். மருமகன் கட்டாரில் வேலை. மகள் கிருசாந்தினியோடும் எட்டு வயதுப் பேத்தி மெறினோடும்தான் அவருடைய காலம் போனது.

பட்டப்பெயர் வந்த கதையை அவரே எல்லோருக்கும் சொல்லுவார். கடைசிச் சண்டையில், முள்ளிவாய்க்கால் மணலில், ஷெல் விழுந்து அவரைத் தூக்கி எறிந்தது. பேச்சு மூச்சு இல்லை. ஆட்கள் அவரைச் செத்தவர்களோடு கிடத்தி, சாரத்தால் முகத்தை மூடிவிட்டார்கள். யூலிற்றா வந்து சாரத்தை இழுத்தெறிந்துவிட்டு அவருடைய காதுக்குள் குனிந்தாள். மிச்சத்தை மெறினைப் பார்த்துத்தான் சொல்லுவார்:

"'யாகப்பு, எழும்பு! என்னை விட்டிட்டு எங்க போறாய்?' எண்டு ஒரு சத்தம் போட்டாள் பார், கொக்கிளாய்க்குக் கேட்டிருக்கும். நான் பாதி வழி போயிட்டன், குஞ்சு. இவளிட்டப் பேச்சு வாங்கேலாது எண்டு திரும்பி வந்திட்டன்."

கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மெறின் சிரிக்கமாட்டாள். அவளுக்கு அது பகிடி அல்ல, மந்திரம். செத்தவரைக் காதுக்குள் கூப்பிட்டால் எழும்பி வருவார். அதற்குச் சாட்சி அவளுக்கு முன்னாலேயே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவள் கேட்டாள்: "அப்ப அம்மம்மா செத்தேக்க நீங்கள் ஏன் கூப்பிடேல்ல?"

யாகப்புவின் முகத்தில் இருந்த சிரிப்பு வற்றிப்போனது. "நான் களப்பில நிண்டனான், குஞ்சு. வந்து சேரேக்க அவா குளிர்ந்து போனா."

மெறினுக்கு விளங்கிவிட்டது. உடம்பு குளிர முன்னம் கூப்பிட வேண்டும்.

போன மாரிக்குப் பிறகு யாகப்புவின் கால்கள் வீங்கத் தொடங்கின. சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். கடைசியில், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கிருசாந்தினி குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மெறினுக்கு அழுகை வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நாளே வயிற்றுக்குத்து என்று பள்ளிக்கூடம் போகாமல் நின்றாள். பிறகு தலையிடி என்றாள். அதற்குப் பிறகு காரணமும் சொல்லவில்லை, தாயும் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டாள். அடிக்கடி அவருடைய பாதத்தைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பாள். ஒதுங்கப் போனாலும் ஓடிப்போய் ஓடி வருவாள்.

யாகப்பு ஒருமுறை கண்ணைத் திறந்து, "ஏன் குஞ்சு பள்ளிக்கூடம் போகேல்ல?" என்று கேட்டார்.

"உங்களைக் கூப்பிட நிக்கிறன்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். கையைத் தூக்கி அவளுடைய தலையில் வைத்து, "சரி, கூப்பிடு" என்றார்.

இரண்டு நாளைக்குப் பிறகு, மத்தியானம், கிருசாந்தினி கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். கஞ்சி உள்ளே போகாமல் கடைவாயால் வழிந்தது. "ஐயோ அப்பா!" என்று அவள் குழறிய குழறலில் பக்கத்து வீட்டுச் சனம் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடி வந்தது.

மெறின் கட்டிலில் ஏறி அவருடைய காதில் வாயை வைத்தாள்.

"அம்மப்பா, எழும்புங்கோ!"

அவர் அசையவில்லை. அம்மம்மா பெயர் சொல்லியல்லவா கூப்பிட்டவா என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பெரியவர்களின் பெயர் அவளுடைய வாயில் ஒருநாளும் வந்ததில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினாள்.

"யாகப்பு! எழும்பு!"

பக்கத்து வீட்டு ராஜினி மாமி பாய்ந்து அவளுடைய வாயைப் பொத்தினாள். "பெரியாக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதே, பிள்ளை?"

மெறின் அந்தக் கையைக் கடித்தாள். "ஒருத்தரும் கத்தாதேங்கோ! நீங்கள் கத்தினா நான் கூப்பிடுறது அவருக்குக் கேக்காது!"

செத்த வீடு அடங்கிப்போனது. கட்டிப்பிடித்து அழுத பெண்கள் அப்படியே நின்றார்கள். தூரத்தில் களப்பில் ஒரு வள்ளத்தின் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. மெறின் திரும்பவும் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். தொண்டை கட்டிக் காற்று மட்டும் வந்தபோது இறங்கிப்போய் அவருடைய பாதத்தைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு போய் மூலையில் இருந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்தும் அவள் வாய் திறக்கவில்லை. தொண்டை சரிவரும் என்று எல்லோரும் சொன்னார்கள். தொண்டை சரிவந்த பிறகும் பேசவில்லை. வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

ஒரு பின்னேரம் கிருசாந்தினி அவளைத் தேடிப்போனபோது, கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தின் நிழலில் இருந்தாள். தாய் பக்கத்தில் மணலில் இருந்தாள்.

"என்னம்மா செய்யுது? சொல்லன்."

மெறின் மணலைப் பார்த்தபடி சொன்னாள்: "என்ர குரல் சின்னன். அம்மம்மா நிண்டிருந்தா எழுப்பியிருப்பா. நான்தான் அவரைச் சாக விட்டிட்டன்."

அந்தக் கதையைக் கிருசாந்தினியும்தானே இத்தனை வருடமும் சிரித்துக் கேட்டாள். மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்டைக்கு அம்மப்பா தனியக் கிடக்கேல்ல. பக்கத்தில என்ர தம்பியும் கிடந்தவன். டிலக்ஸன்."

அலுமாரிக்கு மேலே படத்தில் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் பெடியன். மெறினுக்கு அவன் வெறும் படம். அந்த வீட்டில் யாரும் அவனைப் பற்றிக் கதைத்ததில்லை.

"அம்மம்மா முதல் அவனைத்தான் கூப்பிட்டவா. அம்மப்பா கொஞ்சத்தில கண் முழிச்சிட்டார். அவருக்கு உயிர் இருந்தது, பிள்ளை. மயங்கித்தான் கிடந்தவர். தம்பியை அம்மம்மா பொழுதுபடும் வரைக்கும் கூப்பிட்டவா. அவாவைவிடச் சத்தமா ஒருத்தராலயும் கூப்பிடேலாது. அவன் எழும்பேல்ல."

மெறின் தலையை நிமிர்த்தினாள். "அம்மப்பா ஏன் அதைச் சொல்லேல்ல?"

"அதைச் சொல்ல அவரால ஏலாது."

மெறின் கேட்டாள்: "மாமா எப்பிடிப்பட்டவர்?"

"அவனோ? மீன்காரன்ர பிள்ளை, மீன் தின்னமாட்டான். மணமே பிடிக்காது. அப்பா ஒவ்வொரு நாளும் அவனுக்கு முட்டை பொரிச்சுக் குடுப்பார். அப்பான்ர சைக்கிளைக் களவா எடுத்துக்கொண்டு போய் வேலிக்குள்ள விழுந்து, பல்லுடைஞ்சு வந்தவன். அப்பவும் சிரிச்சுக்கொண்டுதான் வந்தவன்."

"பிறகு?"

கிருசாந்தினி யோசித்துப் பார்த்தாள்.

"பிறகு ஒண்டும் இல்லை, பிள்ளை. அவனுக்குப் பன்னிரண்டு வயசு."

அம்மப்பா செத்த பிறகு மெறின் அழுதது அப்போதுதான். தாயும் அவளைக் கட்டிக்கொண்டு குரலெடுத்து அழுதாள்.