துரை பங்களாவில் சின்னம்மா

அந்துருண்டை நெடியும் பழைய மெத்தைகளின் புழுக்கமும் ஒன்றாக முகத்தில் அடித்ததுதான், வேப்பனப்பள்ளிப் பக்கம் இருந்த ‘தொர பங்களா’ என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அம்மா என்னை அங்கே அழைத்துப் போனாள். வெள்ளைக்காரத் துரையும் துரைசானியும் சீமைக்குக் கப்பலேறியபோது விட்டுப்போனபடியே, மேஜைமேல் கவிழ்த்த கோப்பைகளும் கட்டிலடியில் செருப்பும் ஆணியில் தொப்பியுமாக எல்லாம் அப்படியே இருந்தன. பங்களாவை வாங்கிய பெங்களூர்க்காரர், எதையும் இடம் மாற்றக்கூடாது என்று சொல்லி, அம்மாவின் தங்கை புருஷனைக் காவலுக்கு வைத்திருந்தார்.

சித்தப்பா பெருமையாகச் சுற்றிக் காட்டினார். நான் தொட்ட நாற்காலியைச் சின்னம்மா உடனே முந்தானையால் துடைத்தாள். பிறகு சந்தைக்குக் கிளம்பிய சித்தப்பா, நாங்கள் உள்ளே இருக்கும்போதே வாசற்கதவை வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

“மறந்து பூட்டிட்டாரா?” என்றாள் அம்மா.

“இல்லக்கா, எப்பவும் பூட்டிக்கினுதான் போவாரு. சாமான் போயிடும்னுவாரு,” என்றாள் சின்னம்மா, தலை நிமிராமல்.

“சாமானோட சாமானா உன்னையுமா?”

சன்னலெல்லாம் கம்பி. வெயில் ஏற ஏற எனக்கு மூச்சு முட்டி அழுகை வந்தது. குளியலறையில் தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு இருந்தது. ஆனால் அதை மறித்து ஆளுயர பீரோ நின்றது.

“தள்ளு,” என்றாள் அம்மா.

“அய்யோ, அத நகத்தக்கூடாதுக்கா!”

அம்மா தனியாகவே தோள் கொடுத்தாள், நானும் முட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த சின்னம்மா, திடீரென்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, எங்கள் இருவரையும்விட வேகமாகத் தள்ளினாள். உள்ளே ஏதோ சரிந்து நொறுங்கியது. தாழ்ப்பாளைத் திறந்து மாந்தோப்புக்குள் இறங்கியவள், மாற்றுப்புடவைக்குக்கூடத் திரும்பவில்லை; எங்களோடு பஸ் ஏறிவிட்டாள்.

சித்தப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து அவர்கள் தங்களுக்குள் பேசும் தெலுங்கில் தணிவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். “அந்தச் சாமானுக்கு நீயே காவல் இரு. நா வரல,” என்று சின்னம்மா உள்ளேயிருந்து தமிழில் சொன்னாள். அப்பா முணுமுணுத்தார், ஆனால் அவளைப் போகச் சொல்லவில்லை. கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள்.

இன்று பங்களாவும் இல்லை, தோப்பும் இல்லை. தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் ஓடுகிறது. அந்த வீட்டைப் பார்த்த வயதானவர்கள் துரையின் தொப்பியைக்கூட இன்னும் சொல்கிறார்கள். அங்கே ஒரு பெண் குடியிருந்தாள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.