பூரிக்கட்டை இல்லாத வீடு

எங்கள் கம்பெனியில் கேட்டிலேயே செல்போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். டீ பிரேக் பத்து நிமிஷம். கையில் போன் இல்லாத பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் லைனில் ஒரு அக்கா, சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் ஏறும்போதே பேப்பர் வாங்கிக்கொண்டு வருவார். அரசியல், கொலை, தங்கம் விலை எதையும் நாங்கள் தொடமாட்டோம். நேராக ஜோக் பக்கம்தான். வாசகர்கள் எழுதி அனுப்புவதை அங்கே படம் வரைந்து போடுவார்கள். அக்கா ராகம் போட்டுப் படிப்பார், நாங்கள் டீயைச் சிந்திக்கொண்டு சிரிப்போம்.

அந்தப் படங்களில் வரும் உலகமே வேறு. ஃபைல் மேல் தலைவைத்துத் தூங்கும் குமாஸ்தா, போர்க்களத்திலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடும் ராஜா, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தப்பிக்கும் நோயாளி. எல்லாரையும் விட அதிகமாக வருவது பூரிக்கட்டையோடு நிற்கும் குண்டு மனைவி. அவளுக்கு எதிரே, தலையில் எலுமிச்சம்பழ அளவு வீக்கத்தோடு ஒல்லிக் கணவன். நாங்கள் காருக்கு வயர் கட்டுகிற லைனில் நிற்கிறவர்கள். ஒரு கொட்டாவி விட்டால் ஒரு பீஸ் தாண்டிப் போய்விடும். அந்தக் குமாஸ்தாவைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. இந்த ஆள் நம்ம சூப்பர்வைசர் கையில் மாட்டினால் என்ன ஆவான் என்று ஒருத்தி கேட்பாள். அதற்கு இன்னொரு தடவை சிரிப்போம்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்டில் பெயிண்ட் வேலை பார்த்தார். காண்டிராக்ட் முடிந்தது என்று சொல்லி, ஐடி கார்டைக் கழுத்திலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் வீட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனால் சோறு, குழம்பு, பாத்திரம், துணி எல்லாம் அவர்தான். அவர் வைக்கும் காரக்குழம்பு என்னுடையதை விட நன்றாகவே இருக்கும்.

நாங்கள் இருப்பது எட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் லைன் வீடு. குழாயும் துவைக்கிற கல்லும் முன்வாசலில், எல்லாருக்கும் பொது. ஓர் ஆம்பளை அந்தக் கல்லில் பெண்டாட்டியின் சுடிதாரைக் கும்முவதை மற்ற ஏழு வீடும் பார்க்கும். அவருக்கு அது உறைக்கவே இல்லை. உறைத்ததோ என்னவோ, காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் நான் வந்ததும் எங்களுக்குள் ஒரு விளையாட்டு நடக்கும். கொடியில் காயும் என் யூனிஃபார்ம் சட்டையை எடுத்து, லைனில் பீஸ் பார்க்கிற மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். காலரில் துளி அழுக்கு இருந்தாலும் "ரிஜெக்ட்!" என்பேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ரீவொர்க் பண்ணிடறேன் மேடம், லைன மட்டும் நிறுத்திடாதீங்க" என்பார். பழுதான பீஸைத் திரும்பச் சரி செய்வதற்கு எங்கள் வேலையில் ரீவொர்க் என்று பெயர். லைன் நின்றால் மேலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் திட்டு விழும். இரண்டு பேரும் அதையெல்லாம் பட்டவர்கள் என்பதால் விழுந்து விழுந்து சிரிப்போம். சட்டையை அவர் ஒரு நாளும் திரும்பத் துவைத்ததில்லை. அப்படியே மடித்து வைத்துவிட்டு டீ போடப் போவார். வேலை போன வீட்டில் நாங்கள் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்பால்தான். அப்போது எனக்கு அது தெரியவில்லை.

ஒரு நாள் பிரேக்கில் இதைப் பேப்பர் அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். "யம்மா, பேப்பர்ல வர்றதெல்லாம் இது கால்தூசுக்கு வராது. அனுப்புடி, கீழ வாட்ஸப் நம்பர் கீது பாரு" என்றார். அன்றைக்கே பஸ்ஸில் திரும்பும்போது தட்டி அனுப்பிவிட்டேன். பெயரும் ஊரும் அவசியம் என்று போட்டிருந்தார்கள், இரண்டையும் எழுதினேன். என் புத்தி புல் மேயப் போயிருந்தது. அவர் பெயரைத்தான் போடவில்லையே, அவர் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். சுங்குவார்சத்திரத்தில் என் பெயரில் ஒருத்தி இருந்து, அவளுக்குத் துணி துவைக்கிற புருஷனும் இருந்தால், அது எந்த வீடு என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டு வாரம் கழித்து வந்தது. நான் எழுதிய வார்த்தைகள் ஒன்றுகூட மாறவில்லை. மேலே படம். அதே குண்டு மனைவி, அதே பூரிக்கட்டை. எதிரே ஒல்லிப் புருஷன் அவள் புடவையைப் பிழிந்துகொண்டு நிற்கிறான். தலையில் வீக்கம், கண்ணில் தண்ணீர். கீழே தடித்த எழுத்தில் என் பெயர், சுங்குவார்சத்திரம்.

எங்கள் வீட்டில் பூரிக்கட்டையே கிடையாது. பூரி தேய்க்க எவளுக்கு நேரம்? நான் காற்றடித்தால் சாய்கிற உடம்பு, அவர்தான் ஆள் வாட்டசாட்டம். படம் போட்டவர் நான் எழுதியதைப் படித்தாரா என்பதே சந்தேகம். புருஷன் துணி துவைக்கிறான் என்றால் பெண்டாட்டி அடித்திருக்க வேண்டும். அடி வாங்காமல் ஓர் ஆம்பளை ஏன் துவைக்கப் போகிறான்? அவருக்குத் தெரிந்த குடும்பம் அவ்வளவுதான். எந்தக் காலத்திலோ பெண்டாட்டி கையில் கொடுத்த அந்தக் கட்டையை இன்னும் கீழே வைக்க விடமாட்டேன் என்கிறார்கள். இந்த ஆத்திரமெல்லாம் எனக்கு இப்போதுதான் வருகிறது. அன்றைக்கு நான் இளித்துக்கொண்டு நின்றேன். கேண்டீனில் எல்லாரும் கை தட்டினார்கள். அக்காவிடம் பேப்பரைக் கேட்டு வாங்கி, வீட்டுக்காரருக்குக் காட்டவேண்டும் என்று டிபன் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தேன்.

அவர் முன்னாலேயே பார்த்திருந்தார். வேலைக்கு ஆள் எடுக்கும் காண்டிராக்டரின் வேன் காலையில் ஹைவே டீக்கடை முன்னால் நிற்கும். அன்றைக்கு வரச்சொல்லியிருந்தார்கள் என்று போயிருக்கிறார். அந்தக் கடையில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று படிப்பார்கள். ஜோக் தாள் காண்டிராக்டர் கையில் இருந்திருக்கிறது. இவரைப் பார்த்ததும், "வாங்க ரீவொர்க்! மேடம் பர்மிஷன் குடுத்துட்டாங்களா?" என்றானாம். வேனில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். வேனில் இவருக்கு இடம் இருந்திருக்கிறது. இவர் ஏறாமல் வந்துவிட்டார்.

நான் நீட்டிய பேப்பரை அவர் வாங்கவில்லை.

"நீ என்ன எப்பனா அடிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"இன்னாங்க இது, சும்மா ஜோக்குக்கு..."

"கேட்டதுக்கு பதில் சொல்லு. அடிச்சிருக்கியா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு ஊரு பூரா நான் அடி வாங்கிக்கினு நிக்கறேன்?"

படத்தை நான் போடவில்லை, பேப்பர்காரன் போட்டது என்றேன். "படத்த அவன் போட்டான். பேச்சு நம்முளுது. அத்த யாரு குடுத்தா?" என்றார். குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

மறுநாளிலிருந்து அவர் கல் பக்கம் போவதில்லை. பாத்ரூமுக்குள் பக்கெட்டை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் கசக்குகிறார். காயப்போடுவதும் வீட்டுக்குள்ளே கயிறு கட்டித்தான். மழைக்காலம் வேறு. ஈரம் போகாத யூனிஃபார்மில் வாடை அடித்தது. லைனில் பக்கத்தில் நின்றவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். சூப்பர்வைசர் ஓரமாகக் கூப்பிட்டு, "சட்ட ஸ்மெல் வருதும்மா, பாத்துக்க" என்றார். இதை வீட்டில் சொல்லவில்லை. வாசலில் காயப்போடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? இனிமேல் நான் துவைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் ஒரு நாள் சொன்னேன். "ஏன், அதையும் எழுதி அனுப்பப் போறியா?" என்றார்.

இதற்கு நடுவில் பேப்பர் ஆபீசிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. தங்கள் நகைச்சுவை வாசகர்களிடையே நல்ல வரவேற்பைப் பெற்றது, தொடர்ந்து அனுப்பவும் என்று. அந்த நம்பரை பிளாக் செய்தேன். அக்கா இன்னும் பேப்பர் வாங்கி வருகிறார். பூரிக்கட்டைப் படம் வந்தால் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த ஜோக்குக்குப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. உள்கயிற்றில் தொங்கிய என் சட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலர் பளிச்சென்று இருந்தது. இருந்தும், பழைய குரலை வரவழைத்துக்கொண்டு, "ரிஜெக்ட்!" என்றேன். ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன்.

அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்தார். கையைக் கட்டிக்கொள்ளவில்லை, மேடம் என்று சொல்லவில்லை. என் கையிலிருந்து சட்டையை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அழுக்கே இல்லாத அந்தக் காலரை அவர் நிஜமாகவே திரும்பத் துவைத்தார்.